வன்னி நாடும் கம்பியற்ற வலையமைப்பும்

ஒரு நாட்டின் வரலாறு அதனை ஆண்ட அரசராலும் அவர் செய்த போர்களாலும் மட்டும் அமைவதன்று. அந்நாட்டில் ஒருவர் கூறிய சொல் மற்றொருவரை எவ்வழியாக, எவ்வளவு காலத்திற் சென்றடைந்தது என்பதும் வரலாறேயாம். வன்னிப் பெருநிலப்பரப்புக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் தெற்கே அநுராதபுரத்துக்கும் இடையிற் பரந்து கிடக்கும் இந்நிலம் காடும் குளமும் வயலுமாய் அமைந்தது. குளத்தை ஒட்டியே ஊர் அமையும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே காடு கிடக்கும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 மக்களே வாழ்ந்தனர். சதுர கிலோமீற்றர் ஒன்றுக்கு நாற்பது பேரும் இலர். இத்தகைய நிலத்திற் கம்பி இழுப்பது செலவு மிக்கது. இழுத்த கம்பியைப் பேணுவது அதனினும் அரிது. ஆதலின் வீடுகளையும் அலுவலகங்களையும் வானலையால் இணைக்கும் கம்பியற்ற வலையமைப்பானது நகரத்தாருக்கு ஒரு வசதியெனின், வன்னி மக்களுக்கு வாழ்வின் தேவையாகும். அவ்வலையமைப்பு எவ்வாறு தோன்றிற்று, வன்னிக்கு எவ்வாறு வந்தது, வந்தபின் அது நிலைபெறுவதற்கு வேண்டுவது யாது என்பன ஈண்டு ஆராயற்பாலன.

முதற்கண் கம்பியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். இலங்கையில் 1858 ஆம் ஆண்டிற் கொழும்பும் காலியும் தந்தியால் இணைக்கப்பட்டன. பின்னர் மன்னார் வழியாக இந்தியாவோடும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. எனினும் வன்னியின் உட்பகுதிகள் நெடுங்காலம் இவ்வசதிக்குப் புறம்பாகவே கிடந்தன. ஆங்கில அரசாங்க உத்தியோகத்தரான ஜே. பி. லூயிஸ் 1895 ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைந்நூல், உடைந்த குளங்களையும் காய்ச்சலால் மெலிந்த குடிகளையும் கொண்ட ஒரு நாட்டையே காட்டுகின்றது. 1905 ஆம் ஆண்டில் வடபகுதி இருப்புப்பாதை நிறைவெய்தியது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய இடங்களிற் புகையிரதம் நின்றது; பாதையின் ஓரமாகத் தந்திக்கம்பமும் நின்றது. 1936 ஆம் ஆண்டளவிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்த உழவர் காட்டை வெட்டிக் கழனியாக்கினர். அவர்களுக்கு ஊரிலிருந்து வரும் அவசரச் செய்தி தபாற்கந்தோரின் தந்தியே. தந்திக்காரனைக் கண்டமாத்திரத்தே வீட்டார் நெஞ்சம் நடுங்கிய காலம் அது. நற்செய்திக்குத் தந்தி அடிப்போர் சிலரே யாதலின்.

கம்பியின்றியே செய்தி செல்லும் என்பது அக்காலத்தே அறிவியலாளர் அறிந்த உண்மைதான். 1880-களின் இறுதியில் ஜேர்மனியைச் சேர்ந்த ஹென்றிக் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895 ஆம் ஆண்டிற் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அவ்வலையைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார்; வெடிமருந்தையும் பற்றவைத்தார். மார்க்கோணி நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பும் பொருட்டு நீண்ட அலைகளை நாடினார். போஸ் கையாண்டனவோ மில்லிமீற்றர் அளவினவான குறுகிய அலைகள். இன்று வீடுகளிற் பயன்படும் கம்பியற்ற வலையமைப்பின் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றரும் அதனிற் குறைந்தனவுமாகும். அறைச் சுவரை ஊடறுத்து அடுத்த அறைக்கு அலை சென்றது என்பதே இவ்வலையமைப்பின் முதற்பாடம். அப்பாடம் கீழ்த்திசை நாட்டு நகரொன்றில், நூற்றாண்டுக்கும் முன்னரே, மக்கள் கண்முன் நடத்தப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு வானலை விரைவிலேயே வந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் என்பார், முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்து, 1924 ஆம் ஆண்டிற் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. இங்கிலாந்தில் ஒலிபரப்புத் தொடங்கி மூன்றாண்டுகளே சென்றிருந்தன. போருக்கென ஆக்கப்பட்ட கருவி பாட்டுக்கும் செய்திக்கும் பயன்பட்டமை கருதற்பாலது. கருவிக்குத் தனியே நன்மை தீமை இல்லை. அதனை எடுத்தாளும் கைகளிலேயே அவை உள.

வன்னியில் இவ்வுண்மையின் மறுபக்கமும் காணப்பட்டது. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட போருடன் வடபகுதியின் தொலைபேசி, மின்சாரம், புகையிரதம் ஆகிய மூன்றும் ஒருங்கே அற்றுப்போயின. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. மின்கலங்களை வன்னிக்குக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டிருந்தது. அந்நாட்களில் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்னால் வானொலி கேட்டனர். ஒருவர் சுழற்ற, சூழவிருந்த பலர் செவிமடுத்தனர். சுழற்றியவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. வானலை போரிடுவோர் கையிலும் இருந்தது; புலிகளின் குரல் வானொலி வன்னியிலிருந்து ஒலித்தது; 2007 நவம்பர் 27 ஆம் நாள் அந்நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, அங்குப் பணிபுரிந்தோரும் உயிரிழந்தனர். 2002 பெப்ரவரி உடன்படிக்கையை அடுத்துத் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்திற் போர் முடிவெய்தியபோது வன்னியில் எஞ்சிநின்ற கம்பம் சிலவே. உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்பதை அறிய ஒரு தொலைபேசி அழைப்புக்காக மக்கள் ஏங்கிய நாட்கள் அவை.

உலகின் பிறபகுதிகளில் இதற்கிடையே நிகழ்ந்தனவற்றை இனி நோக்குவாம். கணினிகளை வானலையால் இணைத்த முதல் வலையமைப்பு பெருநகர் எதிலும் தோன்றவில்லை. பசிபிக் மாகடலின் தீவுகளிலேயே தோன்றிற்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்து நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் குழுவினரும் 1971 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'அலோகா' என்னும் வலையமைப்பை இயக்கினர். தொலைபேசிக் கம்பி அங்குச் செலவு மிக்கதாயும் நம்பத்தகாததாயும் இருந்தமையே அவர்களை வானலையின்பாற் செலுத்திற்று. பல தீவுகளிலிருந்து பலர் ஒரே அலைவரிசையிற் பேசினால் ஒன்றோடொன்று மோதாதா என்பதே அங்கு எழுந்த வினா. அதற்கு அவர்கள் கண்ட விடை எளியது. செய்தியைச் சிறு பொதிகளாக்கி அனுப்புக. சேர்ந்தது என்னும் மறுமொழி வாராவிடின், மோதல் நேர்ந்ததெனக் கொண்டு, ஒழுங்கற்ற ஒரு சிறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்புக என்பதே அது. இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகம் போனால் 18 வீதமளவே பயன்படும் எனக் கணக்கிடப்பட்டது. நேரத்தைக் கூறுகளாக வகுத்து, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் அது இருமடங்காயிற்று. பேசுமுன் பிறர் பேசுகின்றனரா என்று செவிமடுத்தல் என்னும் விதியும் பின்னர்ச் சேர்ந்தது. இன்றைய வீட்டு வலையமைப்பு ஒவ்வொன்றினுள்ளும் இவ்வொழுக்கமே நின்று நிலவுகின்றது.

வன்னி உழவனுக்கு இஃது ஒரு புதுமையன்று. ஒரு குளத்து நீரைப் பல வயல்களுக்குப் பாய்ச்சும்போது எல்லோரும் ஒரே வேளையில் மதகைத் திறந்தால் கடைவயலுக்கு நீர் சேராது. ஆதலின் முறை வைத்தே நீர் பாய்ச்சுவர். அம்முறையைக் கண்காணிக்க ஒருவரை ஊரார் நியமிப்பர். வானலையும் ஒரு பொதுக்குளமே. அதில் அணை இல்லை, மதகும் இல்லை, ஆயினும் முறையுண்டு. காடு சூழ்ந்த வன்னி ஊர்களும் ஒருவகையில் தீவுகளே. கடல் சூழ்ந்த தீவுகளுக்கென வகுத்த வழி காடு சூழ்ந்த ஊர்களுக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

ஆயின் வானலையைப் பயன்படுத்த அரசின் உரிமப்பத்திரம் வேண்டும் என்னும் தடை ஒன்றிருந்தது. 1985 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு, 2.4 கிகாஹேர்ட்ஸ் உள்ளிட்ட மூன்று அலைத்தொகுதிகளைக் குறைந்த வலுவில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என விதித்தது. அவை நுண்ணலை அடுப்பு முதலிய கருவிகளின் இரைச்சலால் எவரும் விரும்பாத தொகுதிகள். தரிசு நிலம் போன்றவை. அத்தரிசிலேயே பின்னர் பெருவிளைவு உண்டாயிற்று. கடைகளிற் காசுப்பதிவு இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க முயன்ற ஒரு நிறுவனத்தின் பொறியியலாளர் விக் ஹேய்ஸ், எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசத்தக்க பொதுவிதியை வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 802.11 என்னும் அவ்விதி 1997 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற் மட்டுமே. 1999 ஆம் ஆண்டில் 11 மெகாபிற் வேகம் எய்தப்பட்டது. வைஃபை என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே வழங்கலாயிற்று. அறைச் சுவரிலும் தளபாடத்திலும் பட்டுத் தெறித்த அலைகள் ஒன்றையொன்று குழப்பும் இடர்ப்பாட்டினைத் தீர்க்கும் வழியை, அவுஸ்திரேலியாவில் ஜோன் ஒசலிவனும் உடனுழைத்தோரும் கண்டனர். அவர் முன்னர் வானியலில் கருந்துளைகளின் சிறு அலைக்குறிகளைத் தேடியவர். அவர் தேடிய குறி கிடைக்கவில்லை. தேடலுக்கென ஆக்கிய கணிதமோ வீடுதோறும் பயன்படலாயிற்று.

வீட்டுக்கென அமைந்த இக்கருவி ஊரை இணைக்கவும் உதவும் என்பதைத் தமிழகமும் இலங்கையும் காட்டியுள்ளன. 1998 ஆம் ஆண்டிற் புதுச்சேரியை அடுத்த கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களை அமைத்தது. வில்லியனூர் நடுநிலையமாக, கம்பியும் வானலையும் கலந்த தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. வீராம்பட்டினம் என்னும் கடற்கரை ஊரில், கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இணையத்திலிருந்து பெறப்பட்டு ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது. முல்லைத்தீவுக் கரையில் 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையால் அழிந்தோரை நினைவார்க்கு, கரையூருக்குச் செய்தி சேர்வதன் பொருள் விளங்கும். 2000-களின் நடுப்பகுதியில் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் துணையுடன், போடிநாயக்கனூர், ஆண்டிப்பட்டி முதலிய ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபை இணைப்பால் மருத்துவருடன் இணைத்தது. நோயாளர் தம் ஊரில் இருந்தபடியே தேனியிலுள்ள மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினர். வன்னியின் தென்மேற்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள மகாவிலச்சியாவில், வன்னிநாயக்க என்னும் ஆசிரியரின் முயற்சியால் 2006 ஆம் ஆண்டளவில் பிள்ளைகளின் வீடுகள் கம்பியற்ற வலையமைப்பால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஏ-9 வீதி மூடப்பட்ட அதே காலத்தில், காட்டுக்கு அப்பால் அச்சிற்றூர் உலகத்தோடு பேசலாயிற்று. நிலமும் மரமும் மழையும் ஒன்றே, நிலைமை வேறாயிருந்தது.

போருக்குப் பின்னர் வன்னிக்கு வந்த தொலைத்தொடர்பு பெரும்பாலும் வானலை வழியாகவே வந்தது. செப்புக்கம்பி வீடுதோறும் சென்ற ஒரு தலைமுறைக் காலம் இங்கு நிகழவேயில்லை எனலாம். வீட்டு மூலையில் வைக்கத்தக்க கம்பியற்ற நிலைத் தொலைபேசியும், கைத்தொலைபேசிக் கோபுரங்களும் முந்தின. ஒளியிழை வடம் ஏ-9 வீதியை ஒட்டி வடக்கே சென்றது. வவுனியா–கிளிநொச்சி மின்வழி மீளமைக்கப்பட்டது. 2013 செப்டெம்பரிற் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. 2014 ஆம் ஆண்டில் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் தொடங்கிற்று. 1997 முதல் வளாகமாயிருந்த வவுனியா உயர்கல்வி நிலையம் 2021 ஓகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அரசாங்க அலுவலகங்களும் படிப்படியாக வலையமைப்பில் இணைக்கப்பட்டு வருகின்றன. போரில் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இழந்த மக்கள் மிகுந்த நாட்டில், ஒரு பிரதேச செயலகம் மற்றோர் அலுவலகத்தின் பதிவேட்டை உடனே பார்க்க முடிவது அற்ப நன்மையன்று. ஒரு முதியவளின் ஒருநாட் பேருந்துப் பயணமும் ஒருநாட் கூலியும் அதனால் மிஞ்சும்.

கம்பியற்றது என்னும் பெயர் ஒரு மயக்கத்தை விளைப்பதுண்டு. வீட்டிலுள்ள வழிச்செலுத்தி, அஃதாவது மக்கள் ரவுட்டர் என வழங்கும் கருவி, சில பத்து மீற்றர் தூரத்துக்கே அலையைப் பரப்பும். அதற்கு அப்பால் கோபுரமோ, ஒளியிழையோ, செய்மதியோ அச்செய்தியை ஏற்றுச் செல்லுதல் வேண்டும். வாய்க்கால் எத்துணைச் செவ்விதாயினும் குளத்தில் நீரின்றேல் வயல் விளையாது. ஆதலின் வீட்டிலோ அலுவலகத்திலோ வலையமைப்பை அமைப்போர், வெளியிலிருந்து வரும் இணைப்பின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும். கோபுரத்தின் அலை வலுவாகக் கிடைக்கும் சாளரமோ கூரை உச்சியோ எதுவென ஆராய்ந்து, வெளி இணைப்பை அங்கே ஏற்று, அங்கிருந்து கம்பி வழியாக வீட்டின் நடுவிடத்துக்குக் கொணர்ந்து, வழிச்செலுத்தியை உயரத்தில் வைப்பது சிறந்த முறையாம். தகரமும் இரும்பு அலுமாரியும் அலையைத் திருப்பிவிடும். நீர்த்தாங்கியும் ஈரம் மிக்க இலையும் அதனை உறிஞ்சிவிடும். சீமெந்துக் கற்சுவர் ஒவ்வொன்றும் அதன் வலுவைக் குறைக்கும். மீடிறன் குறைந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் வல்லது; 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகம் மிக்கது, ஆயினும் தூரம் குறைந்தது. முன்னதில் ஒன்றோடொன்று மேற்படாத வழிகள் 1, 6, 11 என மூன்றே. அண்டை வீடுகள் எல்லாம் ஒரே வழியைக் கொண்டால், ஒரே மதகில் எல்லோரும் நீர் இறைத்த கதையாகும். அலுவலகம் பெரிதாயின் ஒரே கருவியின் வலுவைக் கூட்ட முனைவது பயன் தாராது. பல அணுகற் புள்ளிகளை இடையிடையே வைத்து, அவற்றைக் கம்பியால் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வழியை வகுப்பதே முறை.

ஊர்விட்டு ஊர் இணைப்பதாயின் வேறொரு கணக்கு வேண்டும். ஒரு பாடசாலையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள மற்றொரு பாடசாலைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைச் செலுத்துவதாகக் கொள்வோம். இரண்டு அன்ரெனாக்களும் ஒன்றையொன்று நேரே காண்பது மட்டும் போதாது. அலை செல்லும் வெளி, நடுவிற் பருத்த ஒரு சுருட்டைப் போன்றது. நடுவிடத்தில் அதன் ஆரை 12.5 மீற்றர் ஆகும். அதில் ஐந்தில் மூன்று பங்காயினும், அஃதாவது 7.5 மீற்றராயினும், தடையின்றி இருத்தல் வேண்டும். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய காட்டின் மேலாக இவ்வெளியைப் பெறக் கோபுரம் உயர வேண்டும். குளத்தின் குறுக்கே மரத்தடை இல்லை. ஆயினும் நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் அலை நேரலையைக் குழப்பக்கூடும். இவற்றையெல்லாம் அறிந்து அமைப்பதற்கு ஏழாயிரம் மைல் அப்பாலிருந்து ஒருவர் வரவேண்டுவதில்லை. உயர்தர வகுப்பிற் பெளதிகம் பயின்ற மாணவர் ஒருவர் ஆசிரியர் துணையுடன் கணித்துவிடலாம்.

பாதுகாப்பும் கருதத்தக்கது. அலை வேலிக்குள் அடங்காது. பக்கத்து வளவிலும் வீதியிலும் அதனை ஏற்கலாம். வெப் என வழங்கிய முதற் பூட்டுமுறை 2001 ஆம் ஆண்டிலேயே உடைக்கத்தக்கதென நிறுவப்பட்டது. அதன்பின் 2004 ஆம் ஆண்டிலும் 2018 ஆம் ஆண்டிலும் வலுவுள்ள முறைகள் வந்தன. கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாது விடுவது, புதுவீட்டுக்குப் பூட்டு வாங்கித் திறப்பை வாசலில் தொங்கவிடுவது போலாம். அலுவலகத்தில் விருந்தினர்க்கு ஒரு வலையமைப்பும், பதிவேடுகளுக்கு வேறொரு வலையமைப்பும் வகுப்பது அறிவுடைமை. குடிமக்களின் விபரங்களைக் கையாளும் இடத்தில் இஃது ஒரு கடமையுமாகும்.

இனி, வலையமைப்பு நிலைபெறுவதற்கு வேண்டுவது யாது என்னும் இறுதி வினாவை எடுத்துக்கொள்ளலாம். தேனியில் ஆய்வு செய்தோர் தம் அனுபவத்தை வெளியிட்டபோது, படிப்போர் எதிர்பாராத ஓர் உண்மையைக் கூறினர். கருவிகள் அலையின் குறையால் அத்துணை பழுதுறவில்லை. மின்னோட்டத்தின் ஏற்றவிறக்கத்தாலேயே மிகுதியும் பழுதுற்றன. பழுதைக் கண்டறிந்து திருத்தத்தக்க ஒருவர் உள்ளூரில் இல்லாத இடத்தில், சிறு குறையும் இணைப்பை நாட்கணக்கில் நிறுத்திவிட்டது. உள்ளூரார் பயிற்சி பெற்றபின் வலையமைப்பு தழைத்தது. திறப்பு விழாவோடு முடிந்த திட்டங்கள் எங்கும் பல. நிலைத்தனவற்றின் பின்னணியில் ஓர் ஆசிரியரோ, ஓர் உதவியாளரோ, ஓர் இளைஞர் குழுவோ இருப்பதைக் காணலாம். மகாவிலச்சியாவிலும் தொடக்கம் ஓர் ஆசிரியரே. குளத்துக்கும் இதுவே நியதி. அரசர் கட்டிய பெருங்குளங்கள் பேணுவாரின்றிக் காடாயின. ஊரார் ஆண்டுதோறும் கட்டைத் திருத்திய சிறுகுளங்கள் நெல் விளைவித்தன.

இதன் அவசரத்தை 2020 ஆம் ஆண்டு உணர்த்திற்று. கொள்ளைநோயால் அவ்வாண்டு மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசித் திரைக்கு மாறின. ஊவாவைச் சேர்ந்த பொகிட்டியாவ என்னும் சிற்றூரிற் பிள்ளைகள் அலை கிடைக்கும் பாறையைத் தேடிக் காட்டுவழியே ஏறிச் சென்றமை உலகச் செய்தியாயிற்று. செய்தியாகாத ஊர்கள் எத்தனையோ. நகரத்துப் பிள்ளை அறைக்குள் இருந்து கற்க, காட்டோரத்துப் பிள்ளை குளக்கட்டில் நின்று கற்றமை அறிவின் வேறுபாட்டாலன்று, இணைப்பின் வேறுபாட்டாலேயாம். இருவரும் எழுதியது ஒரே பரீட்சை. 2025 ஜூலை முதல் தாழ்வான செய்மதிகள் வழி இணையம் இலங்கையிற் கிடைக்கின்றது. காட்டின் நடுவிலும் அது எட்டும் என்பது உண்மை; அதன் விலை ஏழை உழவனுக்கு எட்டாது என்பதும் உண்மை. ஆயின் ஒரு வீடு தாங்காத செலவைப் பத்து வீடுகளோ, ஒரு பாடசாலையோ, ஒரு கமக்காரர் அமைப்போ தாங்கலாம். ஓரிணைப்பைப் பெற்று, வீட்டுக் கருவிகளாலேயே ஊருக்குப் பகிர்ந்தளிக்கும் முறை புதுச்சேரியிலும் தேனியிலும் மகாவிலச்சியாவிலும் வெவ்வேறு வடிவிற் கையாளப்பட்டதே. உரிய அனுமதி விதிகளுக்கு அமைய அதனைச் செய்தல் வன்னிக்கும் கூடும்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோச் சுழற்றிய கைகள் ஓர் உண்மையை முன்னரே அறிந்திருந்தன. அலை வானத்திலிருந்து வந்தது. அதனை ஒலியாக்கிய வலு ஊராரின் கையிலிருந்து வந்தது. ஒருவர் களைத்தபோது மற்றொருவர் அம்மிதிகட்டையைப் பற்றினார். கம்பியற்ற வலையமைப்பின் வரலாறு முழுவதும் இவ்வொன்றையே வலியுறுத்துகின்றது. ஹவாய்த் தீவுகளில் முறைவைத்துப் பேசும் விதியாயும், தேனியில் உள்ளூர் உதவியாளரின் பயிற்சியாயும் தோன்றியது அதுவே. கோபுரத்தை நிறுவனம் கட்டலாம். கருவியைக் கடையில் வாங்கலாம். அதனைப் பேணும் அறிவையும் பகிரும் மனத்தையும் பாடசாலையே வளர்த்தல் வேண்டும். பெளதிகம் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பாடசாலையின் கூரைமீது ஏறி, அடுத்த ஊரின் கூரையை நோக்கி ஓர் அன்ரெனாவைத் திருப்பும் நாளில், வன்னியின் செய்தி வரலாறு புதியதோர் அத்தியாயத்தைத் தொடங்கும்.